கரண்டுப் பம்பின் மேல் போட்ட பழி

ஒரு காலத்தில் நான் மோட்டார் வைத்திருந்தேன் என்று கேள்விப்பட்டவர்கள் இன்னும் எப்போதாவது வந்து கேட்கிறார்கள்: பழைய வண்டிக்கு எஞ்சினோடு ஓடுகிற பெட்ரோல் பம்பு நல்லதா, கரண்டில் ஓடுகிறது நல்லதா என்று. தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்த இரண்டு பம்புகளைப் பற்றி மூன்று வருஷம் வாய் ஓயாமல் பேசியவன் நான். பேசிப் பேசியே ஒருவனுடைய வாழ்க்கையைக் கெடுத்தேன்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு ராஜபாளையத்தில் ஒரு மிஷன் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலப்பது, புண் கழுவுவது, கட்டுப் போடுவது என் வேலை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் ஊர் என்னையே டாக்டர் என்று நினைத்தது. ஊரைவிட நான் அதிகமாக நினைத்தேன். நான் சொன்ன அந்த ஒருவன் என்னிடம் வந்தது வெந்துபோன வலது கையோடு. பஞ்சாலையில் டைனமோ பார்க்கிற வேலை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அப்பாவை நாயனா என்பான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். கட்டு மாற்றப் பத்து நாள் வந்தான், கை ஆறிய பிறகும் வந்தான். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காகவே சாயந்திரமானால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் இருவருக்கும் மோட்டார் எதற்கு? என் வீட்டிலிருந்து மருந்தகம் கூப்பிடு தூரம். அவனுக்கு ஆலைக்குப் போகச் சைக்கிள் இருந்தது. ஆனால் மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்புகிறார், கூரை மடக்குகிற பழைய வண்டி ஒன்றை விற்கிறார் என்று காதில் விழுந்ததும் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. சேர்ந்து வாங்கினோம். என் வீட்டுப் பின்புறம் ஓலைக் கொட்டகை போட்டு நிறுத்தினோம். சனிக்கிழமை சாயந்திரம் அதைப் பிரிப்போம், இருட்டுவதற்குள் மாட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை நான் மிஷன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆராதனைச் சட்டையோடு தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓய்வுநாளில் கருவியைத் தொடமாட்டேன். அவ்வளவு பக்திமான்.

வண்டியோடு துரை ஒரு தகரப் புனலும் கொடுத்திருந்தார். பெட்ரோல் ஊற்றுவதற்கு. அதன் வாயில், வடிகட்டுவதற்காக, மெல்லிய தோல் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. எண்ணெய் ஊறி, அழுக்கேறி, நாற்றம். பார்த்த உடனே எனக்கு அருவருப்பாக இருந்தது. கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி அந்தத் தோலைக் குப்பையில் போட்டேன். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்து வருகிற ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் ஒரு சாண் வெட்டி நான்காக மடித்துக் கட்டினேன். கஷாயத்தையும் எண்ணெயையும் அதில்தான் வடிப்பேன், பெட்ரோலுக்கு மட்டும் என்ன குறைச்சல்? வெள்ளை வெளேரென்று இருந்தது. அவனும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி கை பட்டா எல்லாம் சுத்தந்தான்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துரையிடம் பழுது சொல்லாமல் மலை ஏறி இறங்கிய வண்டி எங்களிடம் வந்த இரண்டாம் மாதமே வழியில் நின்றது. நின்றதற்குக் காரணம் பெட்ரோல் பம்பு என்பது வரை கண்டுபிடித்துவிட்டோம். டாங்கியில் பெட்ரோல் இருந்தது, எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. அந்த வண்டியில் இருந்தது எஞ்சினோடு ஓடும் பம்பு. எஞ்சின் சுற்றும்போது ஒரு நெம்புகோல் ஏறி இறங்கும், அது உள்ளே இருக்கிற மெழுகுத்துணிச் சவ்வை இழுத்து விடும், சவ்வு பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சி முன்னால் தள்ளும். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் சவ்வு தளர்ந்துவிட்டது என்றார். புதுச் சவ்வு போட்டு, உள்ளே ஊதி மாட்டினார். ஓடியது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் நின்றது. மறுபடியும் பிரித்து, ஊதி, மாட்டினோம். மறுபடியும் ஓடியது.

அங்கேதான் விவாதம் தொடங்கியது. அவன் சொன்னான்: "இந்தப் பம்பே வேண்டாம் அண்ணாச்சி. எஞ்சின் ஒடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்புட்டுச் சூட்டுலயும் பெட்ரோல் உள்ளயே ஆவியாப் போயிரும். கரண்டுப் பம்பு ஒண்ணு வாங்குவோம். பின்னால டாங்கிப் பக்கத்துல மாட்டிட்டா சூடே கெடையாது. சுவிச்சைப் போட்டா எஞ்சினைச் சுத்துறதுக்கு முன்னாலயே பெட்ரோல் வந்து நிக்கும்."

நான் விடுவேனா? எஞ்சினோடு ஓடுகிற பம்பு நம் இருதயம் மாதிரி, உடம்பு இருக்கிற வரை அது அடிக்கும், உடம்பு நின்றால் அதுவும் நிற்கும், அதற்கு வெளியிலிருந்து ஒருவர் உயிர் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். கரண்டுப் பம்புக்கு பாட்டரி வேண்டும், கம்பி வேண்டும், உள்ளே சின்னதாக இரண்டு முனைகள் தொட்டுத் தொட்டு விலக வேண்டும். இதில் எது ஒன்று கெட்டாலும் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்றேன். சூட்டுக்கு என்ன, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினால் போயிற்று. அப்படியே சுற்றவும் செய்தேன், அதுவும் கட்டுத்துணிதான். அவன் சிரித்துவிட்டு, "பம்புக்குக் காய்ச்சலா அண்ணாச்சி?" என்றான்.

இப்படியே ஒன்றரை வருஷம். அவன் படித்தது கரண்டு, நான் படித்தது உடம்பு. ஆளுக்கு ஒரு பம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். காப்பிக் கடையில் இதைப் பேச ஆரம்பித்தால் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் கிடையாது. பம்பு அடிக்கடி நின்றதில் எனக்கு உள்ளூர வருத்தம்கூட இல்லை. நின்றால்தானே அவன் வருவான்.

கடைசியில் அவன்தான் ஜெயித்தான். மதுரையில் உதிரிச் சாமான் கடையில் கரண்டுப் பம்பு ஒன்று கிடைத்தது. உருளையான பித்தளை உடம்பு, கையடக்கம். அதைப் பின் சீட்டுக்கு அடியில் மாட்டி, கம்பி இழுத்து, ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை சோதித்தான். பாட்டரியை ஆலைக்கு எடுத்துப் போய் சார்ஜ் ஏற்றி வந்தான். சுவிச்சைப் போட்டதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. பெட்ரோல் நிரம்பியதும் மெதுவாகி, நின்றுவிட்டது. அவன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். "கேட்டீகளா, போதும்னு அதுவாவே நிறுத்திக்கிடுது" என்றான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அவனுடைய நாயனா அங்கே அவன் அக்கா வீட்டில் இருந்தார். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அந்த அக்காதான் அவனை வளர்த்தவள், அவனுக்குப் பதினைந்து வயது மூத்தவள். பேச்சில் கண்டிப்பு. அவன் வந்தால் மட்டும் அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். கிழவருக்கு மோட்டார் என்றால் உயிர். நாங்கள் போகும்போதெல்லாம் வண்டி தெரு முக்குத் திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, கையைச் சுவரில் ஊன்றி எழுந்து நிற்பாராம். அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, தேர் ஓடுகிற நாலு தெருவையும் சுற்றி வருவோம். தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் ஹாரனை அமுக்கச் சொல்லுவார்.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்களில் பாதி நின்றன, மீதி பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சிரைத்து ஓடின. எங்களுக்குக் கிடைத்த கொஞ்சப் பெட்ரோலும் துருப்பிடித்த பீப்பாயிலிருந்து வந்தது. நான் கட்டுத்துணியை நாலு மடிப்பிலிருந்து எட்டு மடிப்பாக்கினேன். ஒரு நாள் அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது, செட்டியார்பட்டியைச் சேர்ந்த ஒரு லாரி டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "கம்பவுண்டரய்யா, இந்தத் துணி நூலு விடும். தோலைக் கட்டி ஊத்துங்க, அதான் மொறை" என்றார்.

"இந்தத் துணியிலதான் மனுசன் புண்ணையே கட்டுதோம். ஒம்ம லாரி எண்ணெய்க்கு ஆகாதோ?" என்றேன். சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். டிரைவர் தன் லாரியைப் பார்த்துப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் கேட்கிறது.

அந்தச் சித்திரையில் கிழவர் படுத்துவிட்டார். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது. நினைவு இருக்கிறது, பேச்சும் இருக்கிறது, ஆனால் சாயந்திரம் தாண்டாது, மகனைக் கேட்கிறார் என்று. ஒரே மகன். கடைசிப் பால் அவன் கையால் வாயில் விழ வேண்டும் என்பது கிழவரின் ஆசை, அதை மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். காலை ரயில் போய்விட்டது. அவன் ஆலையிலிருந்து நேரே குதிரை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொல்லிவிட்டுப் போக மருந்தகத்து வாசலுக்கு வந்தான். வண்டிக்காரர் இறங்கக்கூட இல்லை.

"வாரேன் அண்ணாச்சி" என்றான்.

நான்தான் தடுத்தேன். "குதிரை போய்ச் சேர மத்தியானம் திரும்பிரும். ஏழு மைல்தானே, மோட்டார்ல கால் மணி நேரம். இரு, நானும் வாரேன், இருதயத்துக்கு ஊசி மருந்து எடுத்துக்கிடுதேன்" என்றேன். அவன் குதிரை வண்டியைத் திருப்பி அனுப்பினான். மருந்துப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று கருவிப் பையை எடுத்துக் கொட்டகையில் போட்டேன். டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருந்தது. வைத்திருந்ததை எல்லாம் ஊற்றினேன். அந்த அவசரத்திலும் எட்டு மடிப்புத் துணி கட்டித்தான் ஊற்றினேன்.

பாதி வழி நன்றாக ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் வண்டி இரண்டு தடவை இழுத்தது, இருமியது, நின்றது. அவன் சுவிச்சைப் போட்டான். பின்னால் டிக் டிக் டிக் என்று பம்பு மூச்சு விடாமல் அடித்தது. நிற்கவே இல்லை. அடிக்கிறது, பெட்ரோல் வரவில்லை. அவன் காதை வைத்துக் கேட்டான். "அண்ணாச்சி, பம்பு ஓடுது. பாட்டரி நல்லாத்தான் இருக்கு. உள்ள வால்வு மூடலை. ஸ்பானர் குடுங்க, செத்த நேரத்துல தொறந்துருவேன்" என்றான்.

ஸ்பானர் கொட்டகையில் இருந்தது.

அவன் வெறும் கையால் திருகிப் பார்த்தான். முன்பு வெந்து ஆறிய கை அது, தோல் மெல்லிசு, கிழிந்து ரத்தம் வந்தது. அப்புறம் எழுந்து கோபுரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வெயில் தலையைப் பிளந்தது. கொஞ்ச தூரத்தில் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் கட்டை வண்டியில் வந்தார், ஏற்றிக்கொண்டார். மாடு நடக்கிற நடைதான் நடந்தது. அந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "அன்னைக்கே சொன்னேன், கரண்டை நம்பாதேன்னு. பழைய பம்பு இருந்திருந்தா இந்நேரம்..." என்றேன். அவன் ரத்தம் கசிகிற கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரு முக்குத் திரும்பும்போதே அழுகை கேட்டது. அப்போதுதான் போயிருந்தார். உடம்பில் சூடு இருந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். தலைமாட்டில் கிண்ணத்தில் பால் இருந்தது, அதில் துளசி மிதந்தது. அவன் வரட்டும் என்று கடைசி வரை காத்திருந்துவிட்டு, அக்காதான் ஊற்றியிருக்கிறாள். அவள் தம்பியைப் பார்த்தாள். "மோட்டார் சத்தம் கேக்குதா, மோட்டார் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாருடா" என்றாள். "காலையில ஆள் விட்டேன். எங்கடா போனே?"

அவன் கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவனுக்குப் பதிலாக நான் சொன்னேன். நானாகத்தான் சொன்னேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. "நல்லா இருந்த பம்பைக் கழத்திப்புட்டு இவன்தான் கரண்டுப் பம்பு மாட்டினான். வேண்டாம்னு எம்புட்டோ சொன்னேன், கேக்கலை. அது வழியில கவுத்துருச்சு" என்றேன்.

அதை ஏன் சொன்னேன்? குதிரை வண்டியைத் திருப்பி அனுப்பியது நான். கருவிப் பையை எடுத்து வைத்தது நான். அது இரண்டும் என் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தப்பிக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளையாட்டுச் சாமானுக்கு எங்க நாயனாவைக் குடுத்துட்டியேடா" என்றாள். அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், இனி இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். உறவுக்காரர்கள் நடுவில் அவனுக்குப் பெயரே கரண்டுப் பம்பு என்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டில்கூட, அதோ வாரான் கரண்டுப் பம்பு என்பார்களாம்.

மோட்டாரை மாடு கட்டி இழுத்து அக்கா வீட்டுக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். பதினாறு முடிந்த மறுநாள் அவன் அதை ஓட்டிக்கொண்டு வந்து என் கொட்டகையில் நிறுத்தினான். மொட்டைத் தலை. வண்டி அடங்கிய சத்தத்தோடு அழகாக ஓடி வந்தது. "பாத்தியா, தேவையில்லாதப்போ மட்டும் ஓடுது ஒன் பம்பு" என்று சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் ஆலை வேலையை விட்டான். தேவதானம் பக்கம் யாருடைய மாந்தோப்பையோ பார்த்துக்கொள்ளப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவன் ஒரு இயந்திரத்தையும் தொடவில்லையாம்.

எனக்கு ஒன்றை நிரூபித்துவிட வேண்டும் என்ற வெறி. கரண்டுப் பம்பைக் கழற்றிவிட்டு பழைய பம்பை மாட்டினேன். வழக்கம்போல வடிகட்டிப் பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன். சில வாரத்தில் பழைய பம்பும் நின்றது. இந்தத் தடவை மெக்கானிக் இல்லை, அவனும் இல்லை. பம்பை நானே மேஜையில் வைத்துப் பிரித்தேன். புண்ணுக்குள் தங்கிய முள்ளை எடுக்கிற இடுக்கியையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாமல் மூடுகிற சின்ன வட்டத் தகடு ஒன்று உண்டு, அதுதான் வால்வு. அதன் அடியில் நூல் இருந்தது. இரண்டு மூன்று இழை, பஞ்சுப் பிசிறு, வெள்ளையாக. தகடு அதன் மேல் உட்கார்ந்து மூட முடியாமல் நின்றது. அந்த நூலை எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க என் விரலில் ஒட்டுகிற நூல் அது.

கழற்றிப் போட்டிருந்த கரண்டுப் பம்பை எடுத்துப் பார்த்தேன். அதன் வால்வு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு பம்புக்கும் ஒரே இடத்தில்தான் வால்வு, இரண்டையும் ஒரே நூல்தான் அடைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் உறைத்தது. ஊதினால் நூல் போய்விடும், வண்டி ஓடும். மறுபடியும் நான் ஊற்றுவேன், மறுபடியும் நிற்கும். மூன்று வருஷம் எந்தப் பம்பு நல்லது என்று சண்டை போட்டோமே, இரண்டுமே நல்ல பம்புதான். கெடுத்தது என் துணி.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அந்த அக்கா முன்னால் நின்று, அம்மா, உங்கள் தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் சொன்னது பொய், பழி என்னுடையது என்று சொன்னால் முடிந்தது. அரை நாள் வேலை. நான் போகவில்லை. முதலில் வாரம் போனது, பிறகு மாதம், பிறகு வருஷம். ஒரு கம்பவுண்டர் துணியில் பெட்ரோலை வடித்துக் காரியத்தைக் கெடுத்தார் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை ஜெபம் சத்தமாகத்தான் சொன்னேன். கூட்டத்தோடு சொல்லுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கால் வைப்பதையே விட்டுவிட்டேன். மோட்டார் கொட்டகையில் நின்று மக்கியது, கோழிகள் பின் சீட்டில் முட்டை வைத்தன.

நாலு வருஷம் ஆயிற்று. யுத்தம் முடிந்தது. பீப்பாய்ப் பெட்ரோல் போய், பழையபடி பஸ் ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் கையில் தீக்காயத்தோடு ஆலைத் தொழிலாளி ஒருவர் மருந்தகத்துக்கு வந்தார். கட்டுத்துணியை அவர் கையில் சுற்றும்போது அதன் நூல் என் விரலில் ஒட்டியது, சுற்றை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சேத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து விசாரித்துக்கொண்டே தேவதானம் போய்ச் சேர்ந்தேன்.

தோப்புக் கிணற்றில் அவன் கமலை இறைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாடுகள், தோல் பறி, கயிறு. பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எஞ்சின் பம்பு ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்து மாட்டை நிறுத்தினான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைவிட இளையவன், என்னைவிடக் கிழவனாகத் தெரிந்தான்.

"வாங்க அண்ணாச்சி" என்றான். செம்பில் தண்ணீர் கொடுத்தான்.

குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். துணி, நூல், வால்வு, லாரி டிரைவர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் கயிற்றின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான். "பதினாறு முடிஞ்ச மறுநாள் அக்கா வீட்டுப் பின்னால வச்சு பம்பைத் தொறந்தேன். வால்வுக்கடியில நூலு கெடந்துச்சு. நம்ம கட்டுத்துணின்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. தொடச்சு மாட்டித்தான் கொண்டாந்து விட்டேன்."

"ஏன் தம்பி என்கிட்ட சொல்லலை?"

"உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அக்காவுக்கில்ல தெரியணும். நான் சொன்னா, தப்பிச்சுக்கிடுறதுக்காக அடுத்தவுக மேல பழி போடுதான்னு நெனைப்பா. நீங்க சொன்னாத்தான் நம்புவா, நீங்கதானே அன்னைக்கும் சொன்னீக. என்னைக்காவது பம்பைத் தொறப்பீக, பாப்பீக, அவகிட்டப் போய்ச் சொல்லிருவீகன்னு இருந்தேன்."

நான் செம்பைக் கீழே வைத்தேன். "இப்பவே போவோம். கெளம்பு. அவுக கால்ல விழுந்து சொல்லுதேன்" என்றேன்.

அவன் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். "அக்கா போன தையிலயே போயிட்டா அண்ணாச்சி" என்றான். "ஆள் சொல்லி விட்டாக. பொறந்த வீட்டுக் கோடி நாந்தானே போடணும், வேற யாரு இருக்கா. சேலை எடுத்துக்கிட்டுப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாக. அவன் கொண்டார கோடி என் மேல படக்கூடாதுன்னு அவளே சொல்லிட்டுப் போயிருக்கா."

நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை அடிடா என்று சொன்னேன். அவன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, பஸ் நிற்கிற இடம் வரை என்னோடு நடந்து வந்தான். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"அந்தச் சேலை இன்னும் பெட்டியிலதான் இருக்கு. கோடிக்கு எடுத்ததை வீட்டுல யாரும் உடுத்த மாட்டாக, தூரப் போடவும் மனசு வரலை. அதை என்ன செய்யுறதுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா அண்ணாச்சி?" என்றான்.

தெரியாது என்றேன்.